சுடர் சுவரைத் தொடாது: இன்ஜின் சிலிண்டருக்குள் தீ அணைவதைக் கணினியில் செய்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடைப் பகுதி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதுவரை நாற்றங்காலைக் காப்பாற்றுவது குட்டையில் போட்ட பம்புசெட்தான். எங்களிடம் இருந்தது பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற சின்ன இன்ஜின். ஒரு வருடம் அது புகையாகக் கக்கவே, மெக்கானிக் அண்ணன் வந்து வரப்பிலேயே கோணியை விரித்து ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் கரி மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. பிஸ்டனை உருவி எடுத்து, மேல் ரிங்குக்கும் மேலே இருக்கிற ஒல்லியான பட்டையை விரலால் வழித்து என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாரு தம்பி. நடுவுல கரி, ஓரத்துல பச்சை எண்ணெய்."

"ஏண்ணே, உள்ள அவ்வளவு சூடு இருக்கும்போது இது மட்டும் எப்படி எரியாம நின்னுச்சு?"

"ஓரத்துக்கு நெருப்பு போவாதுப்பா. கடமடைக்குத் தண்ணி போவாத மாதிரிதான்."

அவர் சொன்னது சரி. ஆனால் ஓரம் என்றால் எந்த ஓரம்? சிலிண்டர் சுவரின் பரந்த பரப்பா, பிஸ்டனுக்கும் லைனருக்கும் (சிலிண்டரின் உள்சுவர் உறை) நடுவே உள்ள சந்தா? இந்த ஒரு கேள்வியில் ஆராய்ச்சி உலகமே இருபது வருடத்துக்கு மேல் தடுமாறியது. தெளிவு கிடைத்ததில் கணினிக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கணக்கை இன்று சாதாரண லேப்டாப்பில் இரண்டு மூன்று மாலைகளில் நாமே போட்டுப் பார்க்கலாம். பிளஸ் டூ கணிதமும் கொஞ்சம் பைதானும் போதும்.

கணினிக்கு முன் அடுப்படி

ஒரு குண்டானில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி கேஸ் அடுப்பில் வையுங்கள். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். நீலச் சுடர் பாத்திரத்தின் அடியில் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே நூலளவுக்கு இருட்டாக ஒரு இடைவெளி தெரியும். அடுத்து, உலோக வலை போட்ட டீ வடிகட்டியைச் சுடர் மேல் படுக்கையாக இறக்குங்கள். வலைக்குக் கீழே எரியும், மேலே எரியாது. வலை சிவக்கும்வரைதான் இந்த வேடிக்கை, அதற்குள் எடுத்துவிட வேண்டும். ஹம்ஃப்ரி டேவி 1815-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகச் செய்த பாதுகாப்பு விளக்கு முழுக்க இதன் மேல் நின்றதுதான்.

காரணம் எளிது. எரிவினையின் வேகம் வெப்பநிலையோடு அடுக்கு மடங்காக ஏறுகிறது, அதேபோல்தான் இறங்கவும் செய்கிறது. குளிர்ந்த உலோகம் வெப்பத்தை உறிஞ்சினால் சுடரின் வெப்பநிலை கொஞ்சம்தான் குறையும், ஆனால் வினை படுத்துவிடும். வினை படுத்தால் வெப்பம் வராது, வெப்பம் வராவிட்டால் வினை இன்னும் படுக்கும். இதற்கு அணைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அணைவு மூன்று விதம். சுடர் சுவருக்கு நேராக வந்து முட்டி அணைவது நேர்மோதல். சுவருக்குச் செங்குத்தாக நின்று அதை உரசியபடியே நகரும்போது ஓரம் மட்டும் அணைவது பக்கச்சுவர் அணைவு. இருபக்கமும் சுவர் நெருக்குகிற இடுக்குக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே சாவது சந்து அணைவு. நேர்மோதலை ஒரே ஒரு அச்சில் கணக்குப் போட்டுவிடலாம் என்பதால் அதில் தொடங்குவோம்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் காற்றும் எரிபொருளும் முன்கூட்டியே கலந்த, பிளக் வைத்துப் பற்றவைக்கிற இன்ஜின்களுக்கு, அதாவது பெட்ரோல், கேஸ் வண்டிகளுக்கு. டீசல் இன்ஜினில் எரிதலே வேறு விதம். மண்ணெண்ணெயில் கூடுதலாக ஒரு வில்லங்கம், பாதி ஆவியாகாமல் சுவரில் ஈரமாகவே படியும். அதை இங்கே தொடப் போவதில்லை.

படி 1: எரிபொருளைத் தேர்ந்து, அளவுகளைக் கையால் போடுவது

மீத்தேனை எடுத்துக்கொள்வோம். மீத்தேன் என்றாலே டெல்டாவில் போராட்டம்தான் நினைவுக்கு வரும், எனக்கும் அப்படித்தான். ஆனால் கணக்குக்கு இதைவிட வசதியான எரிபொருள் கிடையாது. வேதியியல் நன்றாகத் தெரியும், ஒப்பிட்டுப் பார்க்கச் சோதனை முடிவுகளும் ஏராளம். காவிரிப் படுகைக் கிணறுகளில் வருகிற இயற்கை வாயுவிலும் பெரும்பகுதி இதுதான்.

சரியான விகிதத்தில் காற்றோடு கலந்த மீத்தேன், 1 வளிமண்டல அழுத்தம், 300 கெல்வின். சுடர் பரவும் வேகம் நொடிக்கு சுமார் 0.37 மீட்டர். கலவையின் வெப்பப் பரவல் எண் (வெப்பம் அதற்குள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு) நொடிக்கு சுமார் 0.000022 சதுர மீட்டர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சுமார் 0.06 மில்லிமீட்டர். இதுதான் நம் முழம். இனி எல்லா நீளத்தையும் இதனால் அளப்போம். ஒரு முழத்தைச் சுடர் கடக்க ஆகும் நேரம் 0.16 மில்லிநொடி, அது நம் நாழிகை.

அணைந்த இடத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை இந்த முழத்தில் சொன்னால் கிடைப்பது பெக்லே எண். நேர்மோதலில் இது 3-லிருந்து 4-க்குள் வரும் என்பது சோதனையிலும் கணக்கிலும் பலமுறை பார்த்தது. ஆக, 0.2 மில்லிமீட்டர். பக்கச்சுவரில் ஏறக்குறைய இதைப் போல் இரண்டு மடங்கு. இரண்டு தட்டுகளுக்கு நடுவே என்றால் எண் 40 பக்கம் தாவிவிடுகிறது, அதாவது 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு சுவரோடு தாக்குப்பிடிக்கிற சுடர் இரண்டு சுவருக்கு நடுவே எவ்வளவு சீக்கிரம் மடங்குகிறது பாருங்கள். இந்த 3-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கதை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

படி 2: இரண்டே சமன்பாடு

வெப்பநிலையை அப்படியே வைக்காமல், குளிர்ந்த கலவை 0, எரிந்த வாயு 1 என்று மாற்றி 'வெ' என்போம். எரிபொருள் புதுக் கலவையில் 1, எரிந்த பின் 0. அது 'எ'. நீளம் முழத்தில், நேரம் நாழிகையில்.

வெ மாறும் வேகம் = வெ-இன் பரவல் + வினை

எ மாறும் வேகம் = எ-இன் பரவல் − வினை

பரவல் என்பது தூரத்தைப் பொறுத்த இரண்டாம் வகைக்கெழு. வினைக்கான சூத்திரம் இது:

வினை = (ஜெ × ஜெ ÷ 2) × எ × எக்ஸ்ப்[ −ஜெ × (1 − வெ) ÷ (1 − வி × (1 − வெ)) ]

எக்ஸ்ப் என்பது e-இன் அடுக்கு. ஜெ என்பது ஜெல்டோவிச் எண். வினை வெப்பத்துக்கு எவ்வளவு கூருணர்வோடு பதில் சொல்கிறது என்பதன் அளவு, 8 என்று வைக்கலாம். வி என்பது வெப்பநிலை ஏற்றத்தை எரிந்த வாயுவின் வெப்பநிலையால் வகுத்தது. 300-லிருந்து 2,230 கெல்வினுக்கு ஏறினால் 1,930 ÷ 2,230, அதாவது 0.865.

"வாயு சூடானால் விரியுமே, காற்றோட்டத்துக்குச் சமன்பாடு எங்கே?" என்று கேட்டால் நீங்கள் உஷார்தான். இங்கே ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. தூரத்தை மீட்டரில் அளக்காமல், சுவரிலிருந்து எவ்வளவு நிறை வாயு இருக்கிறது என்று அளந்தால், விரிவதால் வரும் ஓட்டம் சமன்பாட்டிலிருந்து காணாமல் போய்விடும். வெப்பக் கடத்தல் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் மேலே எழுதிய இரண்டு வரிதான் மிஞ்சும். ஒரே எச்சரிக்கை: இந்த நிறை அச்சில் கிடைக்கும் தூரத்தை அப்படியே மில்லிமீட்டர் ஆக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்தின் நீளத்தையும் அந்த இடத்து வெப்பநிலைக்கும் குளிர்ந்த கலவை வெப்பநிலைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

படி 3: வரப்பும் மதகும்

சுவரை 0-இல் வையுங்கள். வயல் 0-லிருந்து 30 முழம் வரை. கட்டம் ஒவ்வொன்றும் 0.05 முழம், ஆகமொத்தம் சுமார் 600 புள்ளிகள். வினை நடக்கிற பட்டை ஒரு முழத்தில் சிறு பகுதிதான். அதற்குள் நாலைந்து புள்ளிகளாவது விழ வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நெருக்கம். கட்டம் பெரிதானால் சுடர் நடக்காமல் நொண்டும்.

நேரப்படிக்கு ஒரு கறாரான விதி உண்டு. எளிய முன்னோக்கு முறையில் (இந்தக் கணத்து மதிப்புகளை மட்டும் வைத்து அடுத்த கணத்தைக் கணக்கிடுவது) போட்டால், கட்ட நீளத்தின் வர்க்கத்தில் பாதியைவிட நேரப்படி குறைவாக இருக்க வேண்டும். 0.05-இன் வர்க்கத்தில் பாதி 0.00125. நாம் 0.001 வைப்போம். மீறினால் எண்கள் மேலும் கீழுமாகக் குதித்து ஒரு நொடியில் வெடித்துவிடும். கட்டத்தைப் பாதியாக்கினால் நேரப்படி காலாகும், மொத்த வேலை எட்டு மடங்காகும்.

தொடக்க நிலை: 20-க்கு அப்பால் எல்லாம் எரிந்த வாயு, வெ = 1. 20-க்கு இப்பால் வெ = எக்ஸ்ப்(தூரம் − 20). எ = 1 − வெ. சுவரை நோக்கி நடக்கிற சுடருக்கு இயல்பாகவே இருக்கும் உருவம் கிட்டத்தட்ட இதுதான் என்பதால் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும்.

இனி எல்லைகள். வலது கோடியில் இரண்டுக்குமே சரிவு, அதாவது தூரத்தோடு மாறும் வீதம், பூஜ்யம். சுவரில் வெப்பநிலைக்கு வெ = 0, உலோகம் எவ்வளவு வெப்பம் வந்தாலும் விழுங்கிக்கொள்ளும். எரிபொருளுக்குச் சுவர் மூடிய மதகு, உள்ளேயும் போகாது வெளியேயும் வராது. ஆகவே எ-இன் மதிப்பை அங்கே நிர்ணயிக்கக் கூடாது, அதன் சரிவைத்தான் பூஜ்யமாக்க வேண்டும்.

இதில் நான் பட்ட பாடு தனி. முதல் தடவை வெப்பநிலைக்கு எழுதிய வரியை நகலெடுத்து எரிபொருளுக்கும் ஒட்டினேன். சுவரில் எ = 0 ஆகிவிட்டது. படம் அழகாக வந்தது, எரியாத எரிபொருள் சுவரருகே துளிகூட மிச்சமில்லை. இரண்டு நாள் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது: எரிபொருள் எரியவில்லை, சுவர் குடித்துவிட்டது. மடை திறந்து கிடந்தால் வயலில் தண்ணீர் எப்படி நிற்கும்? அன்றிலிருந்து நிரல் ஓடும்போதே ஒரு கணக்குச் சரிபார்ப்பு வைத்திருக்கிறேன். மிச்ச எரிபொருளும் இதுவரை வினையில் போனதும் சேர்ந்து, தொடக்கத்தில் இருந்ததற்குச் சமமாக வர வேண்டும். நூறில் ஒரு பங்கு பிசகினாலும் நிறுத்திப் பார்ப்பேன்.

படி 4: சுவரைத் தொடுமுன் ஒரு சோதனை

ஓடவிட்டு, சுடர் 15-லிருந்து 10 முழம் வரை நடக்கும்போது நிறுத்துங்கள். வயல் முழுக்க வினையைக் கூட்டி, கட்ட நீளத்தால் பெருக்கினால் வருவது சுடரின் வேகம். 1-க்கு அருகில் வர வேண்டும். சரியாக 1 வராது, ஏனென்றால் மேலே கொடுத்த சூத்திரம் ஜெ மிகப் பெரிதாக இருக்கும்போதுதான் கச்சிதமாகப் பொருந்தும். அதனால் கவலை வேண்டாம். வந்த எண்ணைக் குறித்துவைத்து, இனி கிடைக்கும் வெப்ப அளவுகளை அதனால் வகுங்கள், தூரங்களை அதனால் பெருக்குங்கள்.

முக்கியம் வேறு: இந்த எண் நேரத்தோடு மாறாமல் நிற்கிறதா? கட்டத்தைப் பாதியாக்கினாலும் அதே எண்தான் வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அடுத்த படி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுடரையே சரியாக நடக்கவைக்காத கணக்கு, அது அணைவதைப் பற்றி என்ன சொன்னாலும் நான் காதில் வாங்குவதில்லை.

படி 5: மோதல்

60 நாழிகை வரை முழுதாக ஓடவிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு நூறு படிக்கும் மூன்றைச் சேமியுங்கள்: சுவரில் வெ-இன் சரிவு (சுவருக்குப் போகும் வெப்பத்தின் அளவு இதுதான்), மொத்த வினை, வினை உச்சமாக இருக்கும் இடம்.

முதலில் நெடுநேரம் சுவருக்கு ஒன்றும் தெரியாது. சுடருக்கு முன்னால் ஓடுகிற வெப்பம் சில முழம் வரைதான் எட்டும். சுடர் அந்த எல்லைக்குள் வந்ததும் சுவரின் சரிவு விறுவிறுவென ஏறும், கூடவே மொத்த வினை சரியத் தொடங்கும். ஏறுகிற கோடும் இறங்குகிற கோடும் படத்தில் ஒன்றையொன்று வெட்டும். சரிவு ஓர் உச்சத்தைத் தொட்டுத் திரும்பும். அந்தக் கணம்தான் அணைவு. வினையின் உச்சம் அப்போது எங்கே இருக்கிறதோ அதுதான் அணைவுத் தூரம். அதற்கப்புறம் சூடான வாயு சுவரோரம் ஆறிக்கொண்டிருக்கும், வெப்பம் நேரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகத் தேயும்.

உச்சச் சரிவு எவ்வளவு? ஒரே படி வினை வைத்துச் செய்த கணக்குகளிலும், மீத்தேன் போன்ற எரிபொருள்களின் சோதனைகளிலும் சுடர் வெளியிடும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு, குறிப்பாக 0.34 என்று சொல்வார்கள். புவான்சோ, ஹாவர்த், புரூனோ மூவரும் 1993-ல் வெளியிட்ட கொந்தளிப்புச் சுடர் ஆய்விலும் அடிப்படை இந்த எண்தான். உங்களுக்கு அதை ஒட்டி வந்தால் சரி. இரண்டாம் இலக்கத்துக்குச் சண்டை போடாதீர்கள், நாம் செய்த எளிமைப்படுத்தலுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. மீத்தேனுக்கு 1 வளிமண்டலத்தில் சுடரின் வெப்பம் சதுர மீட்டருக்கு சுமார் 1.1 மெகாவாட். அதில் 0.34 பங்கு என்றால் 0.4 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு, அதுவும் ஒரு மில்லிநொடிக்கும் குறைந்த நேரத்துக்குள்.

படி 6: அணைந்த பிறகு நிறுத்தாதீர்கள்

1957-ல் டேனியல் என்ற ஆய்வாளர் கண்ணாடி ஜன்னல் வைத்த இன்ஜினில் எரிதலைப் படம் பிடித்தார். சுவரோரம் ஒளியில்லாத ஒல்லியான அடுக்கு தெரிந்தது. உடனே முடிவு கட்டிவிட்டார்கள்: புகைக்குழாயில் வருகிற எரியாத ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் தப்பிய எரிபொருள், எல்லாம் இந்த அடுக்கிலிருந்துதான். ஹெட்டிலிருந்து லைனர் வரை பரப்பு பெரிது, அடுக்கு மெலிதானாலும் மொத்தம் சேர்ந்தால் கணக்கு ஏறக்குறைய ஒத்தும் வந்தது. இருபது வருடம் பாடப்புத்தக உண்மையாக நின்றது.

1981-ல் வெஸ்ட்புரூக், ஆடம்சிக், லவோய் மூவரும் விரிவான வேதியியலோடு, நாம் இப்போது செய்வது போன்ற ஒரே அச்சுக் கணக்கைப் போட்டார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனம் இதுதான்: சுடர் அணைந்ததும் நிரலை நிறுத்தவில்லை.

உங்கள் நிரலில் அணைவுக் கணத்தில் எ-இன் படத்தைப் பாருங்கள். சுவரை ஒட்டி எரிபொருள் கணிசமாகவே நிற்கும். இப்போது இன்னும் பத்து நாழிகை, இருபது நாழிகை தள்ளிப் பாருங்கள். குவியல் கரைந்துகொண்டே போகும். பக்கத்திலேயே சூடான வாயு நிற்கிறது, எரிபொருள் மெல்ல அதை நோக்கிப் பரவி அங்கே போய் எரிந்துவிடுகிறது. சுவரோரம் எரியாதது உண்மை, ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை.

இதை இன்ஜின் அளவுக்கு மாற்றிப் பார்ப்போம். அழுத்தம் 20 வளிமண்டலம், கலவை 600 கெல்வின், சுவர் 450 கெல்வின் என்று வைத்தால், அழுத்தத்தால் சுடர் வேகம் குறைகிறது, சூட்டால் கூடுகிறது, கடைசியில் நொடிக்கு 0.33 மீட்டர் அளவில் நிற்கும். பரவல் எண்ணோ அழுத்தத்தால் நசுங்கிச் சுவரருகே 0.0000022-க்கு வந்துவிடும். முழம் சுமார் 0.007, சுடரருகே உள்ள சூட்டை எடுத்தால் 0.01 மில்லிமீட்டர். அணைவுத் தூரம் 0.035 மில்லிமீட்டர் என்று வைக்கலாம், தலைமுடியைவிட மெல்லியது. அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் பரவி வெளியேற எவ்வளவு நேரம்? தூரத்தின் வர்க்கத்தைப் பரவல் எண்ணால் வகுத்தால் சுமார் 0.55 மில்லிநொடி. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிற இன்ஜினில் அது கிராங்க் 10 டிகிரி திரும்புகிற நேரம். எரிந்து முடிந்ததிலிருந்து எக்ஸாஸ்ட் வால்வு திறக்க ஏறக்குறைய 100 டிகிரி இருக்கிறது. ஆற அமரப் போய் எரிந்துவிட்டு வரலாம்.

சுவர் குற்றவாளி இல்லை.

படி 7: சந்துக்குள் எட்டிப் பார்ப்பது

அப்படியானால் மெக்கானிக் அண்ணன் விரலில் இருந்தது எங்கிருந்து வந்தது? மேல் ரிங்குக்கு மேலே பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.3, 0.4 மில்லிமீட்டர்தான். 20 வளிமண்டலத்தில் நம் முழம் 0.01 என்றால், இரண்டு தட்டுக்கான 40 முழம் 0.4 மில்லிமீட்டர். அதாவது சந்தின் அகலமும், சுடர் நுழையத் தேவையான அகலமும் ஏறக்குறைய ஒன்று. பல நேரம் சுடர் வாசலிலேயே நின்றுவிடும்.

சந்தின் கொள்ளளவு எரி அறையில் ஓரிரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அழுத்தம் ஏறும்போது கலவை உள்ளே திணிக்கப்படுகிறது, சுவரின் குளிர்ச்சியால் அடர்த்தியும் கூடுகிறது. உச்ச அழுத்தத்தில் மொத்தக் கலவையில் 5 முதல் 10 சதவீதம் வரை இப்படி ஒதுங்கியிருக்கலாம். இது வெளியேற எவ்வளவு நேரம்? ஆழம் 5 மில்லிமீட்டர் என்றால் அதே வகுத்தல் 11 நொடி என்கிறது. பரவலை நம்பினால் நடக்காது. பிஸ்டன் இறங்கி அழுத்தம் குறையும்போதுதான் அது ஊற்றெடுத்து வெளியே வரும், அதற்குள் நடுவில் இருந்த வாயு ஆறிப்போயிருக்கும். ஒரு பகுதி எரியும், மிச்சம் எக்ஸாஸ்டில் போகும். கடைமடை என்று அவர் சொன்னது இந்த இடத்துக்குத்தான் பொருந்துகிறது: தொலைவு மட்டுமல்ல, வாய்க்காலும் குறுகல்.

கணினியில் இதற்கு இரண்டு அச்சு வேண்டும். சந்தின் நடுக்கோட்டைச் சமச்சீர்க் கோடாக வைத்துப் பாதியை மட்டும் கணக்கிடுங்கள். கட்டம் 0.1 முழம், நீளம் 60 முழம். இரண்டு அச்சில் நேரப்படியின் வரம்பு கட்ட வர்க்கத்தில் கால்பங்கு. நம்பை என்ற பைதான் நூலகத்தில் சுழற்சி எழுதாமல் முழு அணியாகப் போட்டால் ஓர் ஓட்டத்துக்குச் சில நிமிடம். முழு அகலத்தை 30 முழத்தில் தொடங்கி இரண்டிரண்டாகக் குறைத்து, சுடர் எந்த அகலத்தில் உள்ளே நடக்க மறுக்கிறது என்று தேடுங்கள்.

கிடைக்கும் அகலம் சோதனை சொல்லும் 40-ஐவிடக் குறைவாகவே வரும், பயப்படாதீர்கள். நிறை அச்சுத் தந்திரம் இரண்டு பரிமாணத்தில் செல்லாது. சூடான வாயுவில் வெப்பம் இன்னும் வேகமாகப் பரவுவதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஆனால் ஒரு சுவர், இரண்டு சுவர் என்ற வித்தியாசம் கண்ணெதிரே தெரிந்துவிடும். 28 முழத்தில் குதிரை மாதிரிப் போகிற சுடர் ஒரு குறிப்பிட்ட அகலத்தில் சட்டென்று படுத்துவிடும், நடுவில் சமரசம் கிடையாது.

படி 8: ஒரே வினையிலிருந்து உண்மையான வேதியியலுக்கு

இதுவரை எரிதல் என்பதை ஒரே அம்புக்குறியாக வைத்தோம். அடுத்த கட்டத்துக்குக் கேன்டெரா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பைதானிலிருந்தே அழைக்கலாம். ஜி.ஆர்.ஐ.-மெக் 3.0 என்ற வினைத் தொகுப்பை அதில் ஏற்றினால் மீத்தேனுக்கு 53 பொருள்கள், 325 வினைகள். தடையில்லாமல் நடக்கும் சுடரை அதில் கணக்கிட்டு, அந்த உருவத்தை எடுத்து உங்கள் நிரலுக்குத் தொடக்க நிலையாகக் கொடுங்கள். சுவரில் மோதுகிற, நேரத்தோடு மாறுகிற கணக்கை நீங்களேதான் எழுத வேண்டும். முன்னோக்கு முறை இங்கே உதவாது, நுண்ணொடிக்கும் குறைவான நேரத்தில் நடக்கிற வினைகள் இருப்பதால் கெட்டிச் சமன்பாடுகளுக்கான (மிக வேகமும் மிக மெதுவும் கலந்தவை) தீர்வி தேவை. லேப்டாப் ஓர் இரவு ஓடும். எங்கள் ஊர்க் கரண்டை நம்பி விடாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் சேமிக்கிற வரியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பலன் உண்டா? சுவர் 300, 400 கெல்வினில் இருந்தால் எளிய கணக்கே பெரும்பாலும் போதும். சுவர் சூடேற ஏறத்தான் அது தடுமாறும். ஹைட்ரஜன் அணு, ஹைட்ராக்சில் போன்ற துண்டுகள் சுவரோரத்தில் ஒன்றோடொன்று சேரும்போது வெப்பம் விடுகின்றன. அந்தச் சேர்க்கைக்குச் சூடு தேவையே இல்லை. ஒரே அம்புக்குறிக்கு இது தெரியாது. சூடான சுவரில் இந்தத் துண்டுகள் உலோகப் பரப்பிலேயே ஒட்டி அழிவதையும் சேர்க்க வேண்டியிருக்கும். கார்பன் மோனாக்சைடு எவ்வளவு மிஞ்சும் என்பது உங்கள் கேள்வி என்றால் விரிவான வேதியியலைத் தவிர வேறு வழியே இல்லை. பக்கச்சுவர் அணைவுக்கு ஒப்பிட ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எரிப்பான் அளவீடுகள் நல்ல உரைகல்.

ஹைட்ரஜனைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும், போட்டுப் பாருங்கள். இரண்டு தட்டு இடைவெளி 0.64 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். மீத்தேன் நுழைய முடியாத சந்தில் அது நுழையும், சுவரை இன்னும் நெருங்கிச் சுடும். ஆனால் எரிபொருளும் வெப்பமும் ஒரே வேகத்தில் பரவும் என்று நாம் வைத்தது அதற்குச் செல்லாது, எ-இன் பரவலை அதற்கேற்பப் பெருக்க வேண்டும்.

படி 9: முழு இன்ஜினுக்குள் இதை வைப்பது

ஓப்பன்ஃபோம் போன்ற, வாயு ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளில் முழுச் சிலிண்டரையும் கட்டம் கட்டுபவர்கள் சுவரருகே கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் கட்டம்தான் வைப்பார்கள். நம் அணைவுத் தூரம் 0.035. ஒரே கட்டத்துக்குள் சுடர் வந்து, மோதி, செத்து, மிச்சமும் எரிந்து முடிந்துவிடுகிறது. அதை நேரடியாகப் பார்க்க நினைத்தால் கட்டங்களின் எண்ணிக்கை எந்தக் கணினிக்கும் அடங்காது. ஆகவே சுவரருகே மாதிரிச் சூத்திரம் போடுகிறார்கள்: இந்தத் தூரத்துக்குள் வந்த சுடர்ப் பரப்பு இந்த வேகத்தில் அழியும், சுவருக்கு இவ்வளவு வெப்பம் போகும் என்று. அந்தச் சூத்திரத்துக்குள் இருக்கும் எண்கள் நீங்கள் படி 5-ல் எடுத்த பெக்லே எண்ணும் 0.34-ம்தான்.

மென்பொருள் தானாகக் கொடுக்கும் சுவர் மாதிரியை அப்படியே ஏற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பல, சுடரே இல்லாத வெறும் சூடான காற்றோட்டத்துக்காக எழுதப்பட்டவை. மோதலின் அந்த அரை மில்லிநொடி உச்சம் அதில் வராது, வெப்ப இழப்பு குறைவாகத் தெரியும். இன்னொன்று, பிஸ்டன் சந்தையே வடிவத்திலிருந்து நீக்கிவிட்டுக் கட்டம் கட்டுவது. கட்டம் சுலபமாகிறது என்பதற்காகப் பலரும் செய்வதுதான். அப்படிச் செய்த கணக்கில் எரியாத ஹைட்ரோகார்பன் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்று தேடினால் கிடைக்காது, அது இருந்த இடத்தைத்தான் முதலிலேயே வெட்டி எறிந்துவிட்டோமே. குறைந்தது, அதே கொள்ளளவுள்ள ஒரு தனி அறையாகவாவது சந்தைச் சேர்த்து, அழுத்தம் ஏறும்போது உள்வாங்கி இறங்கும்போது வெளிவிடும்படி இணையுங்கள்.

மெக்கானிக் அண்ணனுக்கு இரண்டு அச்சுப் படத்தை போனில் காட்டினேன். சிவப்பாக வந்த சுடர் சந்து வாசலில் நின்று நீலத்தோடு முடிகிற இடத்தைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார். "ரிங்கை இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வச்சா இந்த எடம் கொறையும்ல?" என்றார். இன்ஜின் கம்பெனிகளும் மேல் ரிங்கை உச்சிக்கு அருகே நகர்த்திப் பார்த்தவைதான். ஆனால் ரிங் மேலே போகப் போகச் சூடு அதிகம் தாங்க வேண்டும், காடிக்குள் கரி பிடித்து இறுகிவிடும். அதைச் சொன்னதும், "அப்ப எத்தனை மில்லி தூக்கலாம்னு உன் பொட்டியில போட்டுச் சொல்லு" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரிங்கின் வெப்பநிலையை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்றுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.